எட்டுப் பாதைக்கு அடியில் ஒரு வடிகால்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை பதினோரு மணிக்கு எங்கள் ஊர் நகராட்சி விளையாட்டு மைதானத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றேன். இரண்டு நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. மைதானம் முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அதன் நட்டநடுவில் ஒரு பெண், சுடிதாரின் கால்களைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழவில்லை, யாரையும் திட்டவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் டீ ஆறிப்போனது. கதை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

இதில் பாதிதான் உண்மை. (மறு பாதியைச் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று பார்க்கிறேன். முடியாவிட்டால் பின்னால் சொல்கிறேன்.)

இப்போது பிற்பகல் மூன்று பத்து. நான் கையால் எழுதுகிறவன். வீட்டில் இருப்பவை பன்னிரண்டு தாள்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பச்சை மையில் ஏதோ அச்சிட்டிருக்கும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: காவிரி நடந்து வரும் தஞ்சைத் தரணியிலே, பச்சைப் பட்டு விரித்தாற்போல வயல்கள் சூழ்ந்த சிற்றூரிலே, ஒரு

[இது திருமண வாழ்த்து மடல். விட்டேன்.]

தொடக்கம் இரண்டு: தமிழகத்தின் சிறு நகரங்களில் பொது விளையாட்டு வெளிகள் சுருங்கிவருவதற்கான காரணங்களை ஆராயும்போது நாம் முதலில்

[நாம் யாரும் எதையும் ஆராயவில்லை. ஒரு தாள் வீண்.]

தொடக்கம் மூன்று: மலர்கொடிக்கு முப்பத்தாறு வயது. நகராட்சியில் ஓவர்சீயர். பதினான்கு பூங்காக்களும் ஒரு மைதானமும் அவள் பொறுப்பு. தோட்டக்காரர்கள் மூன்றே பேர். எந்தப் பூங்காவில் எந்த ஊஞ்சலின் சங்கிலி அறுந்திருக்கிறது, எந்தச் சறுக்குமரத்தின் தகரம் பிள்ளைகளின் தொடையைக் கிழிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள் கைப்பேசியைத் திறந்தால் சொந்தப் பிள்ளையின் படத்தைவிடத் துருப்பிடித்த சீசாவின் படங்கள்தான் அதிகம்.

இதுவே இருக்கட்டும். ஆளைப் பார்த்தால் போதும், ஆறு வயல் எல்லாம் பிறகு தானாக வரும்.

நாளை காலை ஏழு மணிக்கு அந்த மைதானத்தில் மாணவிகளுக்கான மாவட்டத் தேர்வு. அரசு விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள். மயிலாடுதுறை எல்லை வரைக்கும் உள்ள பள்ளிகளிலிருந்து நூற்று நாற்பது பேர் வருகிறார்கள். தேர்வு நடந்துவிட்டால் மைதானம் விளையாட்டுத் துறையின் பட்டியலில் ஏறிவிடும். பிறகு யாரும் கை வைக்க முடியாது. நடக்காவிட்டால் திங்கட்கிழமை நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் காத்திருக்கிறது: ‘பயன்பாடின்றிக் கிடக்கும் மேற்படி இடத்தை நெல் லாரி நிறுத்துமிடமாக மாற்றுவது.’ சீமைக்கருவேலக் காடாகக் கிடந்ததை மைதானமாக்க மலர்கொடி மூன்று வருடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள். நாளை ஒரு நாள்தான் அவளுக்கு இருக்கிறது.

அந்த ஒரு நாள் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

3

தண்ணீர் ஏன் நிற்கிறது? மழை பெய்தால் நிற்காதா என்பீர்கள். ஒரு மைதானத்தில் நிற்கக் கூடாது. நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருந்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். அவ்வளவுதான் விஷயம். இந்த மைதானத்தில் மேடும் இல்லை, சரிவும் இல்லை. அதைச் செய்தவர் தங்கையன்.

தங்கையன் மைதானக் காவலர். அதற்கு முன் முப்பது வருடம் வயல் வேலை. இந்த வட்டாரத்தில் அவர் பரம்பு ஓட்டிச் சமப்படுத்திய வயலில் நாற்று ஒரே மாதிரி நிற்கும் என்று பெயர். போன கோடையில் வண்டல் அடித்து மைதானத்தை மட்டப்படுத்தச் சொன்னபோது, மனிதர் தனக்குத் தெரிந்ததை மனசாரச் செய்தார். தண்ணீர் விட்டுச் சேறாக்கினார். பரம்புப் பலகையைக் கட்டி இழுத்தார். மண் கரைந்து போகாமலிருக்க நாலு பக்கமும் வரப்பு எடுத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி, புல்லும் பதித்தார். எல்லாம் முடிந்ததும் ஓவர்சீயரைக் கூப்பிட்டு ஒரு டேங்கர் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காட்டினார்.

“பாருங்கம்மா. இந்த மூலையில ஒரு வெரக்கடை தண்ணி நின்னா அந்த மூலையிலயும் ஒரு வெரக்கடைதான் நிக்கும். நூல் புடிச்ச மாதிரி!”

மலர்கொடி பார்த்தாள். டிப்ளமோ படிக்கும்போது நூற்றுக்கு ஒன்று சரிவு என்று பரீட்சையில் எழுதியவள்தான். ஆனால் அவள் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் அவளைப் படிக்கவைத்தவர்கள். அன்று பார்த்தது அந்த வயல்காட்டுக் கண். “அண்ணே, அசத்திட்டீங்க” என்றாள். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

(ஓரக் குறிப்பு: அன்று நடைப்பயிற்சிக்கு வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கூடி நின்று பார்த்தோம். ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரும் அதில் உண்டு. எல்லாரும் தலையாட்டினோம். எங்கள் ஊரில் மட்டமான நிலத்தில் தண்ணீர் சமமாக நின்றால் அதில் தப்புக் காண யாருக்கும் வராது.)

[‘நின்று பார்த்தோம்’ என்று எழுதிவிட்டேன். ‘நின்று பார்த்தார்கள்’ என்று திருத்த வேண்டும். பிறகு.]

4

மணி மூன்றரை தாண்டிவிட்டது. இன்று காலைக்கு வருகிறேன்.

தப்பைக் கண்டுபிடித்தது வெளியூர்க்காரி. தேர்வை நடத்த வந்த உடற்கல்வி ஆசிரியை ஷம்சாத்துக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பு மணலில் வளர்ந்தவள். ஆட்டோவிலிருந்து இறங்கி வரப்பின் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

“மேடம், இது கிரவுண்டா, நாத்தங்காலா?”

தங்கையனின் முகம் சுண்டிப்போனது. மலர்கொடிக்கு அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடுவரைக்கும் நடந்தாள். எங்கே கால் வைத்தாலும் ஒரே ஆழம். நான் டீக்கடையிலிருந்து பார்த்தது இதைத்தான்.

“டீச்சர், வேற எங்கயாவது மாத்தலாமா?”

“நூத்தி நாப்பது பிள்ளைகளுக்கும் தகவல் போயாச்சு மேடம். நான் மாத்துறதுன்னா ரத்துன்னுதான் எழுதணும். தண்ணி மட்டும் போகட்டும், ஈரத்துக்கு ரெண்டு லோடு மணல் வருது, நான் பாத்துக்கிறேன். அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல பதில் சொல்லியாகணும்.”

இன்ஜின் வைத்து இறைக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மலர்கொடியும் ஏழு பேருக்குப் போன் போட்டாள். குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டாவில் இன்ஜின் சும்மா இருக்காது. எல்லாம் யாரோ ஒருவர் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

“வடக்கு வரப்ப வெட்டிவிட்டா நாலு மணி நேரத்துல வடிஞ்சுடும்மா” என்றார் தங்கையன். செய்த தப்பை எப்படியாவது தானே சரிசெய்துவிட வேண்டும் என்ற தவிப்பு.

வடக்கே காளியம்மாளின் குத்தகை நிலம், நாலு மா, ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். குறுவை பழுத்துத் தலைசாய்ந்து நிற்கிறது. அறுப்பு மிஷின் நாளை மறுநாள் வருவதாக இருக்கிறது. இப்போது தண்ணீர் ஏறினால் கதிர் சாய்ந்து நெல் நின்ற நிலையிலேயே முளைத்துவிடும். காளியம்மாளுக்கு இவர்கள் பேசியது கேட்டிருக்க வேண்டும். வரப்பின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“யாரும் வெட்ட மாட்டோம்க்கா. எந்திரிச்சுப் போங்க” என்றாள் மலர்கொடி.

“போமாட்டேன். நீ நல்ல பொண்ணுதான். ஆனா கவருமெண்டு ஆளு. வெட்டுறதா இருந்தா என் முதுகுல வெட்டிட்டு அப்புறம் வரப்புல வெட்டு.”

மலர்கொடி அவளையே பார்த்தாள். தன் அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தங்கையனின் கைக்கு எட்டாதபடி காவல் அறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மிச்சம் இருப்பது தெற்கு. தெற்கு ஓரத்தில் பழைய வடிகால் ஒன்று உண்டு. நேராக ஆற்றுக்குப் போகும். அதன் வாய் எங்கே என்று தங்கையன் ஷம்சாத்துக்குக் கை நீட்டிக் காட்டினார். எட்டுப் பாதைக்கு அடியில்.

5

இங்கே ஒரு பாத்திரம் வந்தாக வேண்டும். எனக்கு அவர் மேல் நம்பிக்கையே இல்லை. பெயர் கலியபெருமாள். வயது அறுபத்தாறு. கூட்டுறவு வங்கியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடையாளர் சங்கத்தின் தலைவர்.

எட்டுப் பாதை என்றால் உங்களுக்குத் தெரியும். எட்டு வடிவத்தில் சிமெண்டுப் பாதை போட்டு அதிலேயே சுற்றிச் சுற்றி வருவது. அதில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொல்லப்போக, இப்போது எட்டு இல்லாத பூங்கா பூங்காவே இல்லை. கலியபெருமாள் மனு மேல் மனு கொடுத்து நாலு மாதத்துக்கு முன் மைதானத்தின் தெற்கு ஓரத்தில் ஒன்றைப் போடவைத்தார். புங்கமரத்து நிழலில்.

“அங்க வடிகால் வாய் இருக்கு சார். பத்தடி தள்ளிப் போட்டுடலாமே” என்றாள் மலர்கொடி.

“பத்தடி தள்ளுனா நெழல் ஏதும்மா? வெயில்ல நாங்க கருகிச் சாகணுமா? வடிகாலா அது, சாக்கடை. நாத்தம் தாங்கல. மூடிவிட்ட புண்ணியமும் உனக்குத்தான்.”

“மழை பெஞ்சா தண்ணி போவணுமே சார்.”

“மைதானத்துல எங்கம்மா தண்ணி நிக்கப்போவுது?”

சங்கத்தில் முப்பது பேரும் சிரித்தார்கள். மலர்கொடி தனி ஆள். எட்டு வந்தது. அதன் தலைமாட்டில், சரியாக வடிகால் வாய்க்கு மேலே, கறுப்புப் பளிங்கில் திறப்பு விழாக் கல்லும் வந்தது. பொன்னெழுத்தில் நாலாவது வரி கலியபெருமாளின் பெயர்.

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கெட்டவர் என்றும் எழுத முடியவில்லை. மனைவியின் மருந்துச் சீட்டை மறக்காமல் சட்டைப் பையில் வைத்திருப்பவர், தெருநாய்க்கு பிஸ்கட் போடுபவர். ஒரு கல்லில் தன் பெயரைப் பார்த்ததும் தினமும் இரண்டு சுற்று கூடுதலாக நடப்பவர். அவர் எழுதிய கதைகள் எட்டோ ஒன்பதோ பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. எதுவும் அவர் பெயரைக் கல்லில் ஏற்றவில்லை.

[மேலே உள்ள இரண்டு வரிகளை அடித்துவிட்டு வேறு எழுத நினைத்தேன். தாளில் இடமில்லை.]

6

மணி நாலு ஐந்து. மீதி நாலு தாள். வானம் சீர்காழிப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழை மறுபடி அடித்துக்கொண்டு வந்தால் மைதானம் வடியுமா என்ற கேள்விக்கே வேலை இல்லாமல் போய்விடும். அதற்குள் முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறேன்.

முடிவு அ: மலர்கொடி காவல் அறையைத் திறந்தாள். மண்வெட்டியை எடுத்தாள். நூற்று நாற்பது பிள்ளைகளா, நாலு மா நெல்லா? கண்ணை மூடிக்கொண்டு வடக்கு வரப்பில் முதல் வெட்டை

[முடியவில்லை. காளியம்மாள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுதினாலும் எழுந்திருக்க மாட்டாள். மலர்கொடியும் வெட்ட மாட்டாள். என் வசதிக்காக அந்தப் பெண்ணைக் கெடுக்கக் கூடாது.]

முடிவு ஆ: தேர்வு ரத்தானது. தங்கையன் வேலையை விட்டு நின்றுகொண்டார். மைதானத்தில் லாரிகள் வந்து நின்றன. எட்டுப் பாதையில் நடையாளர்கள் வழக்கம்போல

[இது முடிவே இல்லை. யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் இதுதான் நடக்கும்.]

முடிவு இ: அப்போது மழைத் தூறலில் ஓர் உருவம் நடந்து வந்தது. கையில் கடப்பாரை. கலியபெருமாள்! தன் பெயர் பொறித்த கல்லைத் தானே நெம்பிப் பெயர்த்தார். காளியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். கூட்டம் கை தட்டியது.

[பொய். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் அவருக்குத்தான் ஷேவ் செய்துவிடுகிறேன்.]

7

சொல்லிவிட்டேன். கலியபெருமாள் நான்தான். ‘நின்று பார்த்தோம்’ என்பதைத் திருத்த வேண்டாம்.

மறு பாதி இது. கதை எனக்கு டீக்கடையில் கிடைக்கவில்லை. இன்று மூன்று மணிக்குப் போனில் கிடைத்தது.

“சார், மலர்கொடி பேசுறேன். கமிஷனர்கிட்ட பேசிட்டேன். எட்டைப் போட்டது உங்க சங்கம் கேட்டுத்தானாம். ஒடைக்கணும்னா சங்கத்து லெட்டர்பேடுல, உங்க கையெழுத்தோட, ஆட்சேபணை இல்லன்னு ரெண்டு வரி வேணுமாம். ஒரிஜினல் என் கையில இருந்தாத்தான் வண்டி உள்ள எறங்கணும்னு சொல்லிட்டாரு.”

“வண்டி வந்துடுச்சா?”

“கேட்லதான் நிக்குது சார். லியாகத் அலி பாயோட பொக்லைன். அஞ்சு மணி வரைக்கும்தான் நிப்பாராம். வெண்ணாத்துல கரை ஒடைப்பு, அங்க கூப்புட்டுட்டாங்க. மூணடி ஒடைச்சா போதும் சார். விடியறதுக்குள்ள வடிஞ்சுடும்.”

“கல்லு எந்த எடத்துலம்மா வருது?”

“அந்த எடத்துலதான் சார்.”

“பாக்குறேம்மா. கமிட்டியக் கேக்கணும்.”

எதிர்முனையில் மழைத் தண்ணீரில் யாரோ நடக்கும் சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னாள். “நீங்கதானே சார் கமிட்டி.”

வைத்துவிட்டாள். கோபமாகக் கூட வைக்கவில்லை.

மைதானம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு. வேகமாக நடந்தால் ஆறு நிமிடம். நான் சட்டையை மாட்டினேன், கழற்றினேன், பேனாவை எடுத்தேன். போகாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ‘எழுதிக்கொண்டிருந்தேன்’ என்பதைவிடக் கௌரவமான காரணம் எங்கே கிடைக்கும்? நேரம் கடந்துபோகட்டும், வண்டி போய்விடட்டும், பிறகு அவளைப் பற்றி மனம் உருகுகிற மாதிரி ஒரு கதை எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்ல வழி தெரியவில்லை.

தங்கையனுக்குத் தெரிந்தது வயல். அதனால் மைதானத்தை வயலாக்கிவிட்டார். மலர்கொடி அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டாள். இரண்டும் தப்புத்தான், ஆனால் வேலை செய்தபோது வந்த தப்பு. வடிகால் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். தெரிந்தே மூடினேன்.

8

நாலு முப்பத்தெட்டு. மூன்றாம் முறையாகப் போன் அடித்து ஓய்ந்தது.

தாள்களின் தலையில் பச்சை மையில் என்ன இருக்கிறது என்று இப்போது பாருங்கள். ‘காலை நடையாளர் நலச் சங்கம். தலைவர்: கலியபெருமாள்.’ நூறு தாள் அச்சடித்தோம். மனுக்களுக்குக் கொஞ்சம் போனது. மற்றதில் எல்லாம் நான் கதை எழுதினேன். தலையில் என் பெயர் இருந்தால் எழுத்து நன்றாக ஓடுகிறது என்று ஒரு பித்து.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இது பதினோராவது தாள். இதற்கு அடியில் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது.

அதில் எழுத எனக்கு ஒரு நல்ல முடிவு தயாராக இருக்கிறது. காலையில் நூற்று நாற்பது பிள்ளைகள் சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் குனிந்து நிற்கிறார்கள், ஷம்சாத் விசிலை வாயில் வைக்கிறாள், தங்கையன் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், மலர்கொடி கைப்பேசியில் முதல் முறையாக உடையாத ஒன்றைப் படம் பிடிக்கிறாள். சத்தியமாக நன்றாக எழுதுவேன். இதுவரை எழுதிய எல்லாவற்றையும்விட நன்றாக. பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போடுவார்கள்.

அதே தாளில் இரண்டு வரி ஆட்சேபணை இல்லைக் கடிதமும் எழுதலாம். இரண்டையும் எழுத இடம் இல்லை. ஒரு தாள் ஒரு இடத்துக்குத்தான் போகும்.

அதனால் வாசகரே, முடிவு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். இந்தக் கட்டை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாவது தாள் இருந்து, அதில் அந்த விசிலும் அந்தப் பிள்ளைகளும் அழகாக எழுதப்பட்டிருந்தால், மைதானத்தில் லாரி நிற்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். என்னை எங்கே பார்த்தாலும் முகம் கொடுத்துப் பேசாதீர்கள்.

இரண்டு தெரு தள்ளி லியாகத் அலி வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்கிறது. உள்ளே போகவா, வெளியே போகவா என்று இங்கிருந்து தெரியவில்லை. மணி நாலு நாற்பத்தாறு. இந்தத் தாளும் முடிந்துவிட்டது. அடியில் இன்னொன்று இருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.